ஏறாதவரை யார் எண்ணுவது?

மயிலாடியில் ஒரு கல்லைச் சிலையாக்க வேண்டுமானால், யாரும் எடுத்த எடுப்பில் உளியைத் தூக்குவதில்லை. முதலில் அளவு எடுக்கிறார்கள். பிறகு கல்லின் மேல் கோடு போடுகிறார்கள். தலை எங்கே வரும், தோள் எங்கே வரும், பாதம் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அதன் பிறகுதான் உளிச் சத்தம் கேட்கிறது.

கோடு போட ஆகும் செலவு கொஞ்சம்தான். ஆனால் கோடு தவறினால் கல்லும் பாழ், கூலியும் பாழ்.

குமரி மாவட்டத்தில், நாஞ்சில் நாட்டில் இருக்கிறது மயிலாடி. சிற்பத் தொழிலுக்குப் பெயர் போன ஊர். இங்கே செதுக்கிய சாமி சிலைகள் கேரளத்துக் கோயில்களுக்குப் போகின்றன. கடல் கடந்த நாடுகளுக்கும் போகின்றன. கோடு போடாமல் உளி வைக்கக் கூடாது என்பது இந்த ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால் பஸ் விஷயத்தில் மட்டும் நாடு முழுவதும் நடப்பது வேறு. சாலை போடப் பணம் ஒதுக்குகிறார்கள். பஸ் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள். பயணிகள் நிழற்குடை கட்டவும் பணம் கிடைக்கிறது. "யாருக்குப் பஸ் வேண்டும்? எங்கே போக வேண்டும்? எத்தனை மணிக்கு வேண்டும்?" என்று கேட்டு எழுதுவதற்கு மட்டும் பணம் கிடையாது.

அதாவது உளிக்குப் பணம் உண்டு. கோட்டுக்குப் பணம் இல்லை.

அந்தக் கோடு போடும் வேலைக்கு ஊர் மக்கள் கையில் ஒரு சிறு தொகை கொடுக்க வேண்டும். பெரிய தொகை வேண்டாம். சிறு தொகை போதும். அது மிச்சம் பிடித்துக் கொடுக்கும் பணமும் நேரமும் அதிகம்.

நிழற்குடையில் ஒரு பாட்டி

ஒரு காலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மயிலாடி என்றில்லை; குமரி மாவட்டத்தில் எந்த முக்கிலும் இப்படி ஒரு காட்சி நடக்கக் கூடும்.

நிழற்குடையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருக்கிறார். மடியில் மஞ்சள் பை. பைக்குள் மருந்துச் சீட்டு. பக்கத்தில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண் நிற்கிறாள்.

"மக்களே, ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு நேரா போற வண்டி உண்டுமா?"

"இல்ல பாட்டி. நாகர்கோவில்ல இறங்கி வேற வண்டி பிடிக்கணும்."

"அது எத்தன மணிக்கு வரும்?"

"எனக்குத் தெரியாது பாட்டி. அங்க போய்க் கேட்டுப் பாருங்க."

பஸ் வருகிறது. படிக்கட்டு வரை கூட்டம். பெண் எப்படியோ தொற்றி ஏறிவிடுகிறாள். பாட்டியால் முடியவில்லை. அடுத்த பஸ் வந்து, நாகர்கோவிலில் இறங்கி, வேறு வண்டி பிடித்துப் போய்ச் சேரும்போது ஓ.பி. சீட்டு கொடுத்து முடித்திருப்பார்கள். ஆட்டோ பிடிக்கலாம். ஆட்டோவுக்குக் கொடுத்தால் மருந்துக்கு மிஞ்சாது. பாட்டி எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்.

இந்தப் பாட்டி எந்தக் கணக்கிலும் வரவில்லை. கண்டக்டரின் டிக்கெட் எந்திரத்தில் அவர் இல்லை. டெப்போவின் தினசரி வசூல் கணக்கில் அவர் இல்லை. அந்தத் தடத்தில் இத்தனை பேர் போனார்கள் என்று எழுதும்போது, போக முடியாதவர் எத்தனை பேர் என்று யாரும் எழுதுவதில்லை.

ஏறியவரை டிக்கெட் எண்ணும். ஏறாதவரை யார் எண்ணுவது?

எண்ணாத மனிதர்களுக்குப் பஸ் வராது. பஸ் வராததால் அவர்கள் வெளியே கிளம்ப மாட்டார்கள். அவர்கள் கிளம்பாததால், "அந்த நேரத்தில் கூட்டமே இல்லையே" என்று சொல்லி, இருக்கிற நடையையும் நிறுத்துவார்கள். இந்த வட்டத்தை எங்காவது ஓர் இடத்தில் அறுக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. அதனால் ஏராளமான பெண்கள் பயன் பெற்றார்கள். வேலைக்குப் போகும் பெண்ணின் மாதச் சம்பளத்தில் அது ஒரு நல்ல மிச்சம். ஆனால் வராத பஸ்ஸில் இலவசமாகக்கூடப் போக முடியாது. கட்டணம் ஒரு பாதி என்றால், நேரம் மறு பாதி.

மயிலாடியை விட்டுப் போன பள்ளி

ஒரு காலத்தில் வெளியூர்க்காரர்கள்தான் மயிலாடியைத் தேடி வந்தார்கள். 1806-ல் திருவிதாங்கூருக்கு வந்த ரிங்கல்தௌபே பாதிரியார், 1809-ல் மயிலாடியில் கோயிலும் பள்ளியும் ஏற்படுத்தினார். பின்னர் 1818-ல் அந்தக் கல்விப் பணி நாகர்கோவிலுக்கு மாறியது. இன்று நாகர்கோவிலில் உள்ள ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அந்த வேரிலிருந்து வளர்ந்ததுதான்.

அன்று பள்ளி மயிலாடியில் இருந்தது. இன்று கல்லூரி நாகர்கோவிலில் இருக்கிறது. கலெக்டர் ஆபீஸ் நாகர்கோவிலில். பெரிய ஆஸ்பத்திரி நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில். வசதிகள் எல்லாம் நகரத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, கிராமத்துக்கும் சிற்றூருக்கும் பஸ் என்பது வெறும் வண்டி அல்ல. படிப்புக்கும் வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் அதுவே வாசல்.

அந்த வாசல் இந்தப் பகுதியில் வெகு காலத்துக்கு முன்பே திறந்தது. 1938 பிப்ரவரி 20-ந் தேதி திருவிதாங்கூர் சமஸ்தானம் தன் சொந்தப் பஸ் போக்குவரத்தைத் திருவனந்தபுரத்தில் தொடங்கியது. லண்டன் போக்குவரத்து நிர்வாகத்தில் வேலை பார்த்த ஸால்ட்டர் என்பவரை வரவழைத்து, அவர் பொறுப்பில் அதை நடத்தினார்கள். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரி வரும் தடம் முதலில் அரசாங்கப் பஸ் ஓடிய தடங்களில் ஒன்று. இந்தியாவின் பல பகுதிகளில் சர்க்கார் பஸ் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

1956 நவம்பர் 1-ந் தேதி குமரி தமிழகத்தோடு இணைந்தது. 1983-ல் நேசமணியின் பெயரில் மாவட்டத்துக்கென்று ஒரு போக்குவரத்துக் கழகம் அமைந்தது. பின்னர் அது திருநெல்வேலிக் கோட்டத்தோடு சேர்ந்தது. பெயர்கள் மாறின. வண்டிகள் பெருகின. ஆனால் ஒரு வழக்கம் மாறவில்லை. தடமும் நேரமும் மேலே முடிவாகும். மக்கள் கீழே காத்திருப்பார்கள்.

2011-ம் வருடக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்து ஜனத்தொகை 18,70,374. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1,111 பேர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நெருக்கம் இங்கேதான். ஓர் ஊர் முடியும் இடத்தில் அடுத்த ஊர் தொடங்கிவிடுகிறது. இப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு பஸ்ஸின் நேரத்தைப் பத்து நிமிடம் தள்ளி வைத்தால்கூட எத்தனையோ குடும்பங்களின் காலை நேரம் மாறும். நல்லதாகவும் மாறும், கெட்டதாகவும் மாறும். அதனால்தான் கேட்டுச் செய்ய வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பாடம்

"ஊர் மக்கள் பஸ் தடத்தை முடிவு செய்வதா? நடக்கிற காரியமா?" என்று சிலர் கேட்கலாம்.

நடந்திருக்கிறது. அதுவும் குமரி எல்லையை ஒட்டியே நடந்திருக்கிறது.

களியக்காவிளையைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை தாலுகா. அங்கே கொல்லயில் என்று ஒரு கிராமப் பஞ்சாயத்து. 2022 ஜூலை மாதம் கேரள அரசாங்கப் போக்குவரத்துக் கழகம் "கிராம வண்டி" என்ற திட்டத்தை அந்தப் பஞ்சாயத்தில்தான் முதன்முதலாகத் தொடங்கியது.

திட்டம் எளியது. பஸ் கழகத்துடையது. டிரைவர், கண்டக்டர் சம்பளம் கழகத்துடையது. வண்டி பழுதுபார்ப்பதும் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவை மட்டும் பஞ்சாயத்து ஏற்கும். டீசல் போடுகிற பஞ்சாயத்துக்கு ஓர் உரிமை உண்டு. எந்த வழியாகப் போக வேண்டும், எந்த நேரத்தில் வர வேண்டும் என்று அது சொல்லலாம். ஒரு பஞ்சாயத்தால் முடியாவிட்டால் இரண்டு மூன்று சேர்ந்துகொள்ளலாம்.

இதன் கணக்கைச் சிறு பிள்ளையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு பஸ் தினம் 100 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால் 20 லிட்டர் டீசல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1,840 ரூபாய். மாதம் 55,200 ரூபாய். மூன்று ஊர்கள் பங்கிட்டால் ஊருக்கு 18,400 ரூபாய்.

கொல்லயிலில் இது முடிந்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 1996 ஆகஸ்டில் கேரளம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். பணம் வந்ததும் கிராம சபைகளில் மக்கள் உட்கார்ந்து, தங்கள் ஊருக்கு என்ன தேவை என்று எழுதிப் பழகினார்கள். கால் நூற்றாண்டு எழுதிப் பழகியவர்களுக்குப் பஸ் தடத்தை எழுதுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம் முடிந்தது, இந்தப் பக்கம் ஏன் முடியாது?

கடல் கடந்த ஊர்கள்

ஜப்பானில் டோக்கியோவை அடுத்து முசாஷினோ என்று ஒரு நகரம். "பஸ் நிறுத்தம் தூரமாக இருக்கிறது. சைக்கிளில் போகப் பயமாக இருக்கிறது" என்று முதியவர் ஒருவர் நகரத் தலைவருக்குக் கடிதம் எழுதினாராம். அதை அவர்கள் குப்பையில் போடவில்லை. ஒரு குழு அமைத்தார்கள். முதியவர்களை அழைத்துப் பேசினார்கள். அவர்கள் எவ்வளவு தூரம் நடக்க முடியும், எங்கே சிரமப்படுகிறார்கள் என்று பார்த்தார்கள்.

அதன் பிறகு 1995 நவம்பரில் சிறிய பஸ் ஒன்றை விட்டார்கள். பெரிய பஸ் நுழையாத குறுகிய தெருக்களில் அது போனது. சுமார் 200 மீட்டருக்கு ஒரு நிறுத்தம். கட்டணம் 100 யென். அதைப் பார்த்து ஜப்பானின் மற்ற நகரங்களும் இப்படிப்பட்ட பஸ்களை விட்டன. பஸ் வாங்குவதற்கு முன் கேள்வி கேட்டதுதான் அதன் ரகசியம்.

ஜெர்மனியில் வேறொரு வழி. 1985-ல் ஹேக், லெக்டன் என்ற இரண்டு சிற்றூர்களுக்கு இடையே "குடிமக்கள் பஸ்" ஓடத் தொடங்கியது. ஓட்டுகிறவர்கள் ஊர் மக்களே, சம்பளம் வாங்குவதில்லை. மாநில அரசாங்கம் வண்டி வாங்கவும், சங்கத்தின் ஆபீஸ் செலவுக்கும் சிறு உதவி தருகிறது. பெரிய கம்பெனிகள் லாபம் இல்லை என்று விட்டுப்போன ஊர்களில் இப்படிப் பஸ் ஓடுகிறது.

அமெரிக்காவில் மத்திய அரசாங்கப் பணத்தில் இன்னொரு முயற்சி நடந்தது. ஊர்ப் போக்குவரத்தைத் திட்டமிட விரும்பும் குழுக்களுக்குச் சிறு சிறு மானியம் கொடுத்தார்கள். நோக்கம் ஒன்றே: முதியோரும் மாற்றுத் திறனாளிகளும் ஆரம்பத்திலிருந்தே திட்டத்தில் உட்கார வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு அழைத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்பதல்ல. முதல் நாளே அழைத்து, "எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்பது.

மூன்று நாடுகள். மூன்று வழிகள். பஸ்ஸில் ஏறப் போகிறவரை முதலில் கேள் என்பதுதான் மூன்றுக்கும் பொது.

தமிழ்நாட்டில் உள்ள வழி

இதற்காகத் தமிழ்நாட்டில் புதிதாக ஒரு சட்டம் போட வேண்டியதில்லை. இருக்கிற வாய்க்காலிலேயே தண்ணீரைத் திருப்பலாம்.

1997-ல் "நமக்கு நாமே" திட்டம் வந்தது. ஒரு வேலைக்கு ஆகும் செலவில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால், மீதியை அரசாங்கம் கொடுக்கும் என்பது அதன் அடிப்படை. 2011-ல் "தன்னிறைவுத் திட்டம்" என்ற பெயரில் இதே வழி தொடர்ந்தது. 2021-ல் மீண்டும் "நமக்கு நாமே" என்ற பெயர் வந்தது. ஆட்சி மாறினாலும் அடிப்படை மாறவில்லை. மக்கள் கை கொடுத்தால் அரசாங்கமும் கை கொடுக்கும் என்பதை இரு தரப்பாரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இந்தப் பணம் பெரும்பாலும் கட்டும் வேலைக்கே போகிறது. பள்ளிக் கட்டடம், பூங்கா, தெருவிளக்கு, சாலை. எல்லாம் நல்ல வேலைகள். ஒரு பங்கை, மிகச் சிறிய பங்கை, கேட்டு எழுதும் வேலைக்கும் கொடுக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

மினி பஸ் விஷயத்தையும் பாருங்கள். பஸ் போகாத ஊர்களுக்காக 1997-ல் அந்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதைத் திருத்தி, 2025 ஜூன் மாதம் தஞ்சாவூரில் புதிய திட்டத்தைத் தொடங்கினார்கள். தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் வசதி இல்லாத பாதையாக இருக்க வேண்டும்.

நல்ல விதி. ஆனால் பஸ் வசதி இல்லாத பாதை எது என்று யார் சொல்வது? சாலையை வைத்துப் பார்த்தால் ஒரு பதில் வரும். மனிதர்களை வைத்துப் பார்த்தால் வேறு பதில் வரும். காலையில் ஒரு தடவையும் மாலையில் ஒரு தடவையும் பஸ் போகிற ஊரை, "வசதி உள்ள ஊர்" என்று காகிதம் சொல்லும். பகல் 11 மணிக்குப் பிரசவ வலி எடுத்த பெண்ணின் வீட்டார் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மக்கள் கூடிப் பேச இடமும் உண்டு. கிராமங்களில் கிராம சபை இருக்கிறது. மயிலாடி ஒரு பேரூராட்சி. நகரப் பகுதி உள்ளாட்சிகளில் வார்டு கமிட்டி, பகுதி சபை என்ற ஏற்பாட்டுக்கு 2022-ல் விதிகள் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1-ந் தேதி பகுதி சபைக் கூட்டங்களும் நடந்தன. கூட்டம் கூடினால் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு என்று பேசுவார்கள். பஸ் பற்றியும் பேசுவார்கள். ஆனால் கையில் கணக்கு இல்லாமல் பேசினால் அது குறை. கணக்கோடு பேசினால் அது திட்டம். குறையை அதிகாரி கேட்டுக்கொள்வார். திட்டத்துக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

பணம் எதற்கு?

சிறு தொகையை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்?

முதல் வேலை, எண்ணுவது. ஒரு வாரம், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, முக்கிய நிறுத்தங்களில் ஆள் உட்கார வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று நோட்டில் எழுத வேண்டும். ஊரில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நியாயமான தினக் கூலி கொடுத்தால் ஒழுங்காகச் செய்வார்கள்.

இரண்டாவது, வீடு வீடாகக் கேட்பது. நிறுத்தத்துக்கே வராதவர்களை அங்கேதான் பார்க்க முடியும். நான்கு கேள்வி போதும். எங்கே போக வேண்டும்? எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்? எப்போது திரும்ப வேண்டும்? இப்போது எப்படிப் போகிறீர்கள், அல்லது ஏன் போவதில்லை? சக்கர நாற்காலியில் இருப்பவரையும், கண் தெரியாதவரையும் விட்டுவிடக் கூடாது. இருட்டிய பின் வேலை முடிந்து இறங்கும் பெண்ணிடம், நிறுத்தத்திலிருந்து வீடு வரை விளக்கு இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். காலையில் பட்டறைக்கு வரும் சிற்பத் தொழிலாளியையும் கேட்க வேண்டும். சாயங்காலம் சரக்கு வாங்கித் திரும்பும் சிறு கடைக்காரரையும் கேட்க வேண்டும்.

மூன்றாவது, ஒரு படம். சுவர் அளவுக்கு ஊரின் படம் வரைந்து, பஸ் போகும் தடத்தைச் சிவப்பில் காட்ட வேண்டும். மக்கள் போக வேண்டிய இடத்தை நீலத்தில் காட்ட வேண்டும். இரண்டும் சேராத இடம் பளிச்சென்று தெரியும். எழுத்துக் கூட்டிப் படிப்பவர்களுக்கும் படம் புரியும்.

நான்காவது, கூட்டம். படத்தைச் சுவரில் மாட்டி, ராணித்தோட்டத்திலிருந்து போக்குவரத்துக் கழக அதிகாரியையும், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தையும், பக்கத்து ஊர்க்காரர்களையும் அழைத்துப் பேச வேண்டும். பெண்களுக்கு வசதியான நேரத்தில் கூட்டம் வைக்க வேண்டும். தேநீர்ச் செலவும் இந்தப் பணத்தில்தான்.

ஐந்தாவது, நேரப் பலகை. எந்தப் பஸ் எப்போது வரும் என்று பெரிய எழுத்தில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதி வைக்க வேண்டும். இதற்கு ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். பெயிண்டும் பிரஷும் போதும்.

இவ்வளவுக்கும் ஓர் ஊருக்கு ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்கினால் தாராளம். வழக்கம் போல மூன்றில் ஒரு பங்கை ஊர் போடட்டும். பணமாகப் போட முடியாதவர்கள் உழைப்பாகப் போடட்டும். வரவு செலவைப் பேரூராட்சி வாசலில் எழுதி ஒட்டட்டும். சிறு தொகையில் இன்னொரு நன்மையும் உண்டு. எங்கே போனது என்று ஊரே எண்ணிப் பார்த்துவிடலாம்.

முடிவில் புதுப் பஸ்தான் வேண்டும் என்று வரும் என்பதில்லை. பல ஊர்களில் ஒரு பஸ்ஸைக் கால் மணி நேரம் முன்னால் கிளப்பினால் போதும் என்று தெரியலாம். நாகர்கோவிலில் இறங்குகிறவர் ஆசாரிப்பள்ளம் வண்டியைப் பிடிக்கும்படி இரண்டு பஸ்ஸின் நேரத்தையும் சேர்த்து வைத்தால் போதும் என்று தெரியலாம். நேரத்தை மாற்ற டீசல் செலவு கிடையாது.

ஆட்சேபங்கள்

"அதிகாரிகளுக்குத் தெரியாததா மக்களுக்குத் தெரியும்?" என்பது ஓர் ஆட்சேபம். வண்டியைப் பற்றி, டீசலைப் பற்றி, டிரைவரின் வேலை நேரத்தைப் பற்றி அதிகாரிக்குத்தான் தெரியும். சந்தேகமில்லை. பாட்டி எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும் என்பது பாட்டிக்குத்தான் தெரியும். இரண்டு அறிவும் சேர்ந்தால்தான் பஸ் சரியாக ஓடும்.

"ஒவ்வொருவரும் தன் வீட்டு வாசலுக்குப் பஸ் கேட்பார்கள்" என்பது இன்னொன்று. தனித்தனியாக மனுக் கொடுக்கும்போது அப்படித்தான் கேட்பார்கள். ஒரே படத்தின் முன் எல்லோரும் உட்கார்ந்தால் கேட்க முடியாது. இந்தத் தெருவுக்குத் திருப்பினால் அந்தத் தெருவில் பத்து நிமிடம் தாமதம் என்பது கண்ணெதிரே தெரியும். பொது வரவு செலவைக் கையில் கொடுத்தால், மக்கள் வீட்டு வரவு செலவைப் போலவே அதையும் பார்த்துச் செய்வார்கள்.

"கழகமே நஷ்டத்தில் ஓடுகிறது. இதில் இது வேறா?" என்பது மூன்றாவது. நஷ்டம் உண்மை. அதனால்தான் காலியாக ஓடும் நடை எது, கூட்டம் வழியும் நடை எது என்று தெரிய வேண்டும். எண்ணாமல் ஓட்டுவதுதான் பெரிய நஷ்டம்.

நான்காவது ஆட்சேபம்தான் கனமானது. "கேட்டு எழுதுவார்கள். அலமாரியில் வைத்துப் பூட்டுவார்கள்." இது நடக்கக் கூடியது. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதைவிட மோசம். அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆகையால் மானியத்தோடு ஒரு நிபந்தனையும் வேண்டும். ஊர் கொடுக்கும் திட்டத்துக்கு 90 நாளில் போக்குவரத்துக் கழகம் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். எது முடியும், எது முடியாது, முடியாவிட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். முடியும் என்று சொன்ன நடையை மூன்று மாதம் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆள் ஏறினால் தொடரட்டும். ஏறாவிட்டால் ஊரே நிறுத்தச் சொல்லட்டும்.

இந்த நிபந்தனை இல்லாத மானியம், கோடு போட்டுவிட்டு உளி வைக்காமல் விட்ட கல்லைப் போன்றது. மழையில் கோடும் அழிந்துபோகும்.

அடுத்த பஸ்ஸுக்கு முன்

சுசீந்திரத்தில் மார்கழி மாதம் தேர் ஓடுகிறது. வடம் பிடிக்க ஊர்ஊராக ஜனங்கள் வருகிறார்கள். மயிலாடிக்காரர்களும் போகிறார்கள். அவ்வளவு பெரிய தேரை ஒருவர் இழுக்க முடியாது. ஊர் கூடித்தான் இழுக்க வேண்டும். ஆனால் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தேர் நிலைக்கு வந்து சேருகிறது.

பஸ்ஸும் ஊர்ச் சொத்துதான். ஊர் கொடுக்கும் வரியில் ஓடுகிறது. அது எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று ஊர் சொல்வதில் தவறில்லை.

அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் மயிலாடிக்காரர்களோ, மயிலாடியைப் போன்ற வேறு ஊர்க்காரர்களோ ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். "எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களையும், காத்திருந்து திரும்பிப் போகிறவர்களையும் எண்ண எங்களுக்கு அனுமதியும் சிறு உதவியும் வேண்டும்" என்று கேட்கலாம். யாருக்கும் விரோதமில்லாத தீர்மானம். எந்தக் கட்சிக்காரரும் கையெழுத்துப் போடக் கூடிய தீர்மானம்.

உதவி வரும் வரை சும்மா இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஒரு நோட்டும் ஒரு பேனாவும் இருந்தால், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூட ஒரு சனிக்கிழமை காலையில் எண்ணத் தொடங்கிவிடலாம். நிழற்குடையில் மஞ்சள் பையோடு உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் போய், "பாட்டி, எங்க போகணும்? எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டு எழுதலாம்.

அந்த நோட்டின் முதல் வரியில் அவர் இடம் பெறட்டும்.